கால்வாய்ப் பக்கத்துக் கால்

செரேயா அருகே,
1959 மார்ச் 16

அன்புள்ள துல்லியோ,

அன்று ரயில் நிலையத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல்தான். ‘இரு.’

நீ கேட்டாய். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “ஒரு வார்த்தை சொல்லு எர்சி, பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிடறேன்” என்றாய். நான், “சோளக்களி மேல இருக்கு, தொத்திறைச்சி அடியில இருக்கு, எண்ணெய் கசியும், பாத்துக்க” என்றேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கால்வாய்க் கரையோடு வீட்டுக்கு நடந்தேன். ஏறி மிதிக்கலாம் என்ற நினைவே பாதி வழியில்தான் வந்தது.

சொல்லியிருந்தால் எங்கே இருந்திருப்பாய்? பழசு மாதிரி புதுசு செய்யமாட்டேன் என்கிறாய் நீ. புதுசு மாதிரி புதுசு எவனுக்கு வேண்டும் என்கிறான் என் அண்ணன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்காகச் செய்த இழுப்பறைப் பெட்டியைப் பார்த்து அகொஸ்தீனோ அண்ணன் சொன்னது நினைவிருக்கும்: “இதுல நாலு புழு ஓட்டை போட்டா மிலான் வியாபாரி முட்டி போட்டு வாங்குவான்டா.” நீ, “புழு இன்னும் வரல மச்சான். வந்தா அதுவே போட்டுக்கும்” என்றாய். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து நீ எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பெட்டி என் அறையில் நீ வைத்த இடத்திலேயே நிற்கிறது. கால்வாய்ப் பக்கத்து மூலையில் தரை இறங்கியிருப்பதை நீ குனிந்து பார்த்ததையும், அந்தப் பக்கத்துக் காலை மட்டும் ஒரு விரல் கனம் நீளமாக வைத்ததையும், கடைசியில் சூப் தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்துக் காட்டியதையும் நம்மைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். இந்தக் கடிதத்தை அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். பின் ஓரத்தில் பூனைத்தலை போல ஒரு கறை. தேய்த்தும் போகவில்லை.

ஒன்பது மாத அனுமதிதான், டிசம்பரில் எல்லோரும் ஊர் திரும்பியாக வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தில் சட்டமாம். உன்னைத் திருப்பி அனுப்ப ஒரு சட்டமாவது இருக்கிறதே.

எர்சிலியா


வின்டர்டூர்,
1959 ஏப்ரல் 5

எர்சிலியாவுக்கு,

எண்ணெய் கசிந்தது. நீ சொன்னது சரி. நீ சொன்னது அது ஒன்றுதான்.

எல்லையில் எங்களை வரிசையாக நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெர்கமோக்காரன், “சந்தையில கன்னுக்குட்டிக்காவது பல்லைப் பாத்து மரியாத பண்ணுவாங்க” என்றான். இப்போது அவனுக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்க்கட்டில். குறட்டையில் கட்டில் கம்பி அதிர்கிறது. மரக்கொட்டகை. அடுப்பு ஒன்று, அதற்கு வரிசை. சுவர் பலகை எல்லாம் பச்சை மரம், வெயில் பட்டால் வெடிக்கிற சத்தம் கேட்கிறது. யார் கட்டினானோ.

சிமென்ட் சுமக்கிறேன். மேஸ்திரிக்கு எங்கள் பெயர் தெரியாது. “ஏய் இத்தாலி!” என்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம்.

நீ ‘இரு’ என்று இப்போது எழுதியிருக்கிறாய். நான் இப்போது இங்கே இருக்கிறேன். அந்தச் சொல்லை வைத்து என்ன செய்வது?

அடுத்த கடிதத்தில் ஒரு காரியம் செய். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டி மேல் வைத்துப் பார். ஈரம் இறங்கும் மாதம், தரை இன்னும் இறங்கியிருக்கலாம். ஒரு வரி எழுதினால் போதும். அகொஸ்தீனோவை அளவுகோலோடு மாடிப்படி ஏறவிடாதே.

துல்லியோ


செரேயா அருகே,
1959 ஜூன் 2

அன்புள்ள துல்லியோ,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை என்று சொல்லலாம். பாதி உண்மை.

நீ வந்தால் ஊரை அடையாளம் தெரியாது. அண்ணன் மாடுகளை விற்றுவிட்டான். அண்ணி அழுதாள். “பசு காலைல சாணி போடும், சாயங்காலம் சாணி போடும். அலமாரி என்ன போடுது, சொல்லு பாப்போம்?” என்று அவளையே கேட்டான். தொழுவத்தில் இப்போது வேலைப் பலகைகள். வெயில் நாளில் மட்டும் மரத்தூள் வாசனைக்கு அடியிலிருந்து மாட்டு வாசனை எழும்புகிறது.

நம் வீடு மட்டும் இல்லை. போன வருஷம் புகையிலைக்கும் பீட்ரூட்டுக்கும் கூலிக்குப் போனவர்கள் எல்லோரும் தச்சர்கள். ஒரு வீட்டில் கால் மட்டும், இன்னொரு வீட்டில் இழுப்பறை மட்டும், பாலத்துக்கு அப்பால் கைப்பிடி மட்டும். பாதி செய்த மேசைகள் கைவண்டியிலும் மூன்று சக்கர வண்டியிலும் தெருத்தெருவாகப் போய்வருகின்றன. நாற்காலிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. முடிவெட்டுகிற பிரிமோ கடையில் மேசைகளுக்குச் சிங்கக்கால் செதுக்குகிறார். சவரத்துக்கு உட்கார்ந்தவன், “சோப்பு காயுது பிரிமோ!” என்று கத்த, “நகம் ஒண்ணு பாக்கி, பொறுடா” என்கிறார். கோவில் மணியடிப்பவர் புழு ஓட்டையில் கைதேர்ந்தவராகிவிட்டார். அவர் போடும் ஓட்டை நேராகப் போகாமல் வளைந்து போகுமாம், நிஜப் புழு போல. புதிய மேசையைப் பழசாகக் காட்ட, சாவிக்கொத்தாலும் சங்கிலியாலும் அடிப்பதற்கென்றே இரண்டு பேர். பங்குச் சாமியார் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று பிரசங்கம் செய்தார். மறுநாள் கோவிலுக்கு ஒரு ‘பழைய’ வாசிப்பு மேடை கேட்டு அண்ணனிடம் வந்தார்.

நானும் மெருகு போடுகிறேன். கம்பளியைத் துணியில் சுற்றிய பந்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும், கை எங்கும் நிற்கக்கூடாது. நின்றால் அங்கேயே ஒட்டிக்கொண்டு மெருகின் தோலை உரித்துவிடும். மற்றப் பெண்கள் பாடுகிறார்கள், ஊர்வம்பு பேசுகிறார்கள். மேசைப் பலகைகளை என்னிடம் தருகிறார்கள். “எர்சிகிட்ட குடு. அவ வாயத் தொறக்கமாட்டா, எச்சில் தெறிக்காது.” விரல்கள் பழுப்பாகிவிட்டன. படிக்கும்போது புத்தகத்தின் ஓரங்களிலும் பழுப்பு. இரவல் கொடுத்த ஆசிரியை கேட்டால் என்ன சொல்வேன்? புத்தகங்களில் காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு வேலையும் இருப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? ஜன்னலில் நிற்பார்கள். அவ்வளவுதான்.

மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். மிலான் வியாபாரி காரில் வந்தார். அண்ணன் அவரை மாடிக்கு அழைத்துவந்தான். அவர் பெட்டியைப் பார்த்தார், உண்மையிலேயே முட்டி போட்டு அடியைப் பார்த்தார். மாதிரிக்கு வேண்டும், மிலானுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டுத் தருகிறேன், பிடித்தால் பெரிய ஆர்டர் என்றார். அவர் இறங்கிப் போனதும் அண்ணன் என்னிடம், “துல்லியோவுக்குத்தான்டி இது. ஆர்டர் வந்தா நல்ல கைக்காரன் வேணும். டிசம்பர்ல வர்றவன் திரும்பிப் போகவே வேணாம்” என்றான்.

தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஜன்னல் கட்டையில் வைத்து இதை எழுதுகிறேன். மூலையில் அந்தக் கால் நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

எர்சிலியா


வின்டர்டூர்,
1959 ஜூலை 12

எர்சிலியா,

தண்ணீர்த் தட்டைப் பற்றி ஒரு வரி கேட்டேன். பெட்டியே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதுகிறாய். முடிவெட்டுகிறவரின் சிங்கக்காலைப் படித்துச் சிரித்தேன், பெர்கமோக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம்தான் கடைசிப் பக்கம் வந்தது.

எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று என் பெட்டியைக் கொடுத்திருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. அந்த ஊரில் அகொஸ்தீனோவுக்குக் கீழே நின்று, உனக்காக ஒரு தடவை செய்ததை ஊருக்காக ஓயாமல் செய்துகொண்டிருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? அவன் மேல் கோபம் இல்லை. அவன் வியாபாரம் செய்கிறான். நீ வாயைத் திறந்து ‘கூடாது’ என்றால் அவன் ஏணியை வைத்தாவது இறங்கிப் போயிருப்பான். உன் அண்ணன் உனக்குப் பயப்படுவான், உனக்கு அது தெரியாது.

பாரந்தூக்கியில் இடது கை விரல் நசுங்கியது. எலும்பு முறியவில்லை. சிமென்ட் தூக்க முடியாது என்பதால் மேஸ்திரி தன் மைத்துனனின் மரச்சாமான் கடைக்கு அனுப்பியிருக்கிறார். சுமப்பது, பிரிப்பது, உடைந்ததை ஒட்டுவது. படுப்பது அதே கொட்டகையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. குளித்து, சட்டை மாற்றி, தலைவாரி ரயில் நிலையத்துக்குப் போகிறோம். தெற்கிலிருந்து வரும் ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்களில் யாருக்கும் யாரும் வருவதில்லை. ரயில் போனபிறகு திரும்பி வந்து சூப் வைக்கிறோம்.

துல்லியோ


செரேயா அருகே,
1959 செப்டம்பர் 20

அன்புள்ள துல்லியோ,

விரல் எப்படி இருக்கிறது? மடக்க முடிகிறதா?

பெட்டி திரும்பி வந்தது. போன சனிக்கிழமை அண்ணனும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். அவனுக்குச் சீட்டியடிக்கும் பழக்கம் இல்லை. மூலையில் வைத்துவிட்டு, “பாத்தியா எர்சி, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்டேன்” என்றான்.

எல்லாம் சரியாக இருந்தது. நிறம், கைப்பிடி, மூலையில் அமர்ந்த கால். என் மைக்கறைகூட அதே இடத்தில், அதே பூனைத்தலை. அவன் போனபிறகு மேல் இழுப்பறையைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தேன்.

அடிப்பலகைக்கு உன் மாமாவின் உடைந்த ஒயின் பீப்பாயை இழைத்துப் போட்டிருந்தாய். என் காலுறைகளில் எல்லாம் அந்த வாசனை. கோவிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணி, “நீ முட்டி போட்டா சாராயக் கடை கதவு தொறந்த மாதிரி இருக்குடி” என்று காதோடு சொல்லிச் சிரிப்பாள். இந்த இழுப்பறையில் அரக்கு வாசனைதான் வந்தது. தொழுவத்து வாசனை.

வியாபாரி நம்முடையதை வைத்துக்கொண்டுவிட்டார். அண்ணன் என்னிடம் சொல்லத் துணியாமல் இன்னொன்றைச் செய்திருக்கிறான். என் மைக்கறையை அவன் எப்படிச் செய்தான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். சிறு தூரிகையை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய கை.

சாப்பாட்டு வேளையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “பெட்டி சரியா நிக்குதா?” என்றான். “நிக்குது அண்ணா” என்றேன். அவன் பாதியில் எழுந்துவிட்டான். நான் திட்டுவேன் என்று காத்திருந்தானோ என்னவோ.

அண்ணன் எனக்குப் பயப்படுவான் என்று நீ எழுதியது சரிதான் என்று அப்போது தோன்றியது.

ஆர்டர் வந்துவிட்டது. சுற்று வட்டாரம் முழுக்க இப்போது நம் பெட்டிதான். அளவு எடுத்தவர்கள் அந்தக் காலின் கூடுதல் நீளத்தையும் எடுத்திருக்கிறார்கள். பிரிமோ, “இந்தக் கால் மட்டும் ஏன்பா நீண்டு கெடக்கு?” என்று கேட்டார். “மிலான்ல சொல்றாங்க, அந்தக் காலத்துல அப்படித்தான் வைப்பாங்களாம். அளவுல கை வைக்காத” என்றான் அண்ணன். எல்லோரும் பயபக்தியோடு ஒரு கால் நீளமாகச் செய்கிறார்கள். தொழுவத்துத் தரை மேடும் பள்ளமும். அங்கே எந்தப் பெட்டிதான் ஆடாது? யாருக்கும் தெரியவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். மெருகுப் பந்தைக் கீழே வைத்துவிட்டு, ‘அது என் அறைத் தரையின் பள்ளம்’ என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பெண்களுக்கு நடுவில் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நீ தரையில் முட்டி போட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தது அவர்களுக்கும் தெரிந்துவிடும் போல இருந்தது.

நம் பெட்டி எங்கே நிற்கிறதோ தெரியவில்லை.

எர்சிலியா


வின்டர்டூர்,
1959 அக்டோபர் 18

எர்சி,

நம் பெட்டி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த வாரமே கடைக்கு இத்தாலியிலிருந்து ஒரு லாரி வந்தது. வைக்கோலைப் பிரித்து இறக்கினோம். சிமென்ட் தரையில் வரிசையாக நிறுத்திவிட்டு முதலாளி ஒன்றைக் கையால் அழுத்தினார். ஆடியது. அடுத்தது. அதுவும் ஆடியது. “எல்லாம் நொண்டுதே! அந்த ஊர்ல எல்லாருமே குடிச்சிட்டுத்தான் வேல செய்றானுங்களா?” என்று கத்தினார். நான் குனிந்து பார்க்கவேண்டியிருக்கவில்லை. வலது முன்கால். ஒரு விரல். சிரித்துவிட்டேன். வெகுநேரம் சிரித்தேன். பெர்கமோக்காரனுக்கும் இப்போது இங்கேதான் வேலை. “என்னடா ஆச்சு உனக்கு?” என்று தோளைப் பிடித்து உலுக்கினான்.

அன்றிலிருந்து என் வேலை இதுதான். லாரி வருகிறது. பெட்டியைக் கவிழ்க்கிறேன். வலது முன்காலில் ஒரு விரல் கனம் அறுத்து எடுக்கிறேன். நிமிர்த்துகிறேன். அளவுகோல் தேவைப்படுவதில்லை. முதலாளி, “இவன் கண்ணுலயே அளவு இருக்கு” என்று வருகிறவர்களிடம் காட்டுகிறார். உன் அறையின் பள்ளத்தை நான் இங்கே துண்டு துண்டாக வெட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். கொட்டகை அடுப்பை அதை வைத்துத்தான் மூட்டுகிறோம்.

இரண்டு வாரம் முன்பு தனியாக ஒன்று வந்தது, போர்வை சுற்றி. மிலானிலிருந்து. புழு ஓட்டை, கையழுக்கு, எல்லாம் இருந்தது. பூனைத்தலை இருந்தது. அதையும் நம்பவில்லை, உன் அண்ணன் கை நல்ல கை. இழுப்பறையைத் திறந்தேன். மாமாவின் பீப்பாய்.

ரம்பத்தை எடுத்ததும் முதலாளி ஓடிவந்தார். “ஐயோ, இதுல கை வைக்காத! இது அசல், இருநூறு வருஷத்துப் பெட்டி. அடியில கார்க்கு வச்சு விடு.” நான் செய்தது அசல் ஆகிவிட்டது. அதனால் நொண்டலாம். மற்றவை நகல், அதனால் நேராக நிற்க வேண்டும்.

ஒரு மருத்துவர் வாங்கினார். நானும் பெர்கமோக்காரனும்தான் அவர் வீட்டு மாடிக்குச் சுமந்தோம். மருத்துவரின் மனைவி உடனே பூச்சாடியைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். கண்ணாடிச் சாடி. தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. “பெட்டி சாஞ்சிருக்கா, இல்ல எங்க தரை சாஞ்சிருக்கா?” என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம். “தரைதாம்மா” என்றேன். அவள் தரையைப் பார்த்து வருத்தப்பட்டாள். நல்ல ஓக் தரை, பாவம். என் சட்டைப்பையில் கார்க்கு இருந்தது. வைக்கவில்லை.

கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘நிக்குது அண்ணா’ என்று நீ சொன்ன இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. பெட்டிக்காகக்கூட வாய் திறக்காதவள் எனக்காகத் திறப்பாளா என்று தோன்றுகிறது.

கேள். முதலாளி எனக்கு வருஷ அனுமதி வாங்கித் தருகிறேன் என்கிறார். டிசம்பர் முதல் வாரத்துக்குள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் இந்தக் குளிர்காலம் ஊருக்கு வரமுடியாது. அடுத்தது எப்போது என்று தெரியாது. மனைவியை அழைத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன், சிரித்தார். போடாவிட்டால் டிசம்பரில் உன் வாசலில் நிற்பேன். அகொஸ்தீனோ தொழுவத்தில் நின்று புழு ஓட்டையும் போடுவேன். அதுவும் முடியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஒரு வார்த்தை எழுது. ரயில் நிலையத்தில் கேட்டதேதான்.

துல்லியோ


செரேயா அருகே,
1959 நவம்பர் 25

அன்புள்ள துல்லியோ,

‘தரைதாம்மா’ என்று நீ சொன்னதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து, “யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

இங்கே ஒன்று நடந்திருக்கிறது. இரண்டு நாள் பக்கத்து ஊரில் ஒரு பெரிய மேசைக்கு மெருகு போடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் அறையில் புதுத் தரை. பழைய பலகையை எல்லாம் பெயர்த்து, உத்திரத்தைத் தூக்கிக் கட்டி, சிவப்பு ஓடு பதித்திருக்கிறான் அண்ணன். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “உங்க கல்யாணத்துக்குடி. அவன் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஆளப் போட்டேன்” என்றான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரிந்த வழி இதுதான். தரை தட்டுத் தண்ணீர் போலச் சமமாக இருக்கிறது.

பெட்டி ஆடுகிறது. இழுப்பறை பாதியில் சிக்குகிறது. அண்ணன் அதைப் பார்த்தான், முகம் வெளுத்தது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை, தன் வேலையில் குறை என்று நினைத்துவிட்டான். ரம்பத்தோடு வந்தான். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். “தொடாத அண்ணா! துல்லியோ வந்து வெட்டுவான்!” என்றேன். அது கத்தலாகவே வந்துவிட்டது. கீழே தொழுவத்தில் ரம்பச் சத்தம் எல்லாம் நின்றது. பிறகு பிரிமோவின் மனைவி குரல்: “அடி ஆத்தா, இவளுக்கு வாய் இருக்குடி!”

அதனால் பெட்டி ஆடிக்கொண்டு நிற்கிறது. துணி மடித்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கவில்லை. ரம்பம் நீ கொண்டுவர வேண்டாம், இங்கே நிறைய இருக்கிறது.

நீ கேட்ட வார்த்தையை எழுதினேன். தனித்தாளில், அது மட்டும். மடித்து உறையில் போட்டேன். பிறகு எடுத்துக் கிழித்தேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. என் ஒரு சொல்லுக்காக நீ வந்து, சங்கிலியால் மேசையை அடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் நம் இருவருக்கும் நடுவில் கிடக்கும். நீ அதைச் சொல்லிக்காட்டமாட்டாய். அதுதான் எனக்குப் பயம். உன் கையை எனக்குத் தெரியும். அது விரும்பாததைச் செய்தால் எப்படி மெல்ல மெல்லச் சிறுத்துப்போகும் என்றும் தெரியும். நீயாக வா. வந்தால் எதையும் கேட்கமாட்டேன்.

நீ விட்டுப்போன உளிகளுக்கு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

எர்சிலியா


வின்டர்டூர்,
1959 டிசம்பர் 6

எர்சிலியா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தரை இருக்கிறது, ஓடு இருக்கிறது, அண்ணன் தொப்பியோடு நிற்கிறான், பெட்டி இருக்கிறது. நான் கேட்டது இல்லை. எழுதிக் கிழித்தேன் என்கிறாய். கிழித்ததை அனுப்பியிருந்தால்கூட ஒட்டிப் படித்திருப்பேன், அதுதானே என் தொழில்.

நீயாக வா என்கிறாய். நானாகத்தான் போனேன். நானாக வருவதற்கும் நானாக இருப்பதற்கும் நடுவில் எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. நீ எனக்காக யோசித்து யோசித்து அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். நீ யோசித்தது சரியாகவே இருக்கலாம். நீ எப்போதும் சரியாகத்தான் யோசிக்கிறாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அகொஸ்தீனோவிடம் சொல், இனி நாலு காலும் சமமாகச் செய்து அனுப்பச் சொல். வேண்டாம், சொல்லாதே. எனக்கு இங்கே வேலை போய்விடும்.

துல்லியோ


செரேயா அருகே,
1960 பிப்ரவரி 14

துல்லியோ,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரயில் நிலையத்துக்குப் போனேன். நீ வரமாட்டாய் என்று தெரியும். மூடுபனியில் ரயில் தாமதமாக வந்தது. கயிறு கட்டிய பெட்டிகளோடு ஆண்கள் இறங்கினார்கள், குழந்தைகள் அவர்களைத் தெரியாமல் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தன. எல்லோரும் போனபிறகு நானும் வந்துவிட்டேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி நிற்பீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று ரயில் ஜன்னலுக்குக் கீழே நின்றபோதும், தலையை ஆட்டியபோதும், தாளைக் கிழித்தபோதும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இனி அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஊரில் வேலை நிற்கவில்லை. பாலத்துக்கு அப்பால் இரண்டு புதிய பட்டறைகள் திறந்திருக்கின்றன. வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போகவில்லை. பிரிமோ கடையை மூடிவிட்டார். தலைமுடி வெட்ட இப்போது பக்கத்து ஊருக்குப் போகவேண்டும். அண்ணன் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் யாராவது உட்காரப் போனால் மட்டும், “அது ஆடும், வேற எடு” என்கிறான். அது ஆடாது.

அந்தக் காலைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அளவு பார்த்து வெட்டும் அச்சுப்பலகை அப்படியேதான் சுவரில் தொங்குகிறது, வலது முன்கால் ஒரு விரல் கனம் நீளமாக. இந்த வாரமும் ஒரு லாரி ஏற்றினோம். மேல்பலகைகளுக்கு நான்தான் மெருகு போட்டேன்.

என் அறையில் இருக்கும் பெட்டியை நேற்று நானே கவிழ்த்து, அந்தக் காலில் ஒரு விரல் கனம் அறுத்தேன். இப்போது ஆடவில்லை. இழுப்பறைகள் சிக்காமல் திறக்கின்றன.

எர்சிலியா